மூதாதையர் கல்லறைகளில் கொடிவழி தேடுவது எப்படி

முன்னோரின் கல்லறையைத் தேடிச் செல்பவர்களில் பலர் ஒரே ஒரு படத்தோடு திரும்பி வருகிறார்கள். பாட்டனாரின் தகப்பனார் பெயர் பொறித்த கல்லைக் கண்டதும் மனம் நிறைந்துவிடுகிறது. நேர் எதிரே நின்று படமெடுத்துக்கொண்டு, சற்று நேரம் அமைதியாக நின்றுவிட்டு, வண்டி ஏறிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து பதிவேடுகளோடு ஒப்பிடத் தொடங்கும்போதுதான், அந்தக் கல்லுக்கு இடப்பக்கம் இருந்த சிறிய மேடு யாருடையது, வலப்பக்கக் கல்லில் இருந்த வேறு குடும்பப் பெயர் எது என்ற கேள்விகள் எழுகின்றன. நானும் முதல் தடவை அப்படித்தான் வந்தேன். விட்டுவந்த ஒரு பெயரைப் பார்ப்பதற்காக மறுபடியும் ஒரு முழு நாள் பயணம் செய்ய வேண்டியிருந்தது. குடும்ப அடக்க நிலத்தில் கல்லில் வெட்டிய எழுத்து சொல்வது பாதிதான். அந்தக் கல் எங்கே, எதன் பக்கத்தில், எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பது மீதியைச் சொல்கிறது. எழுத்தைப் பிறர் எடுத்த படத்திலிருந்தும் படித்துவிடலாம். கல்லறைகள் அமைந்திருக்கும் முறையை நேரில் போய்தான் பார்க்க முடியும்.

போவதற்கு முன்

கல்லறையில் செய்யும் வேலையைவிட, கிளம்புவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை கூடுதல். முதலில் குடும்பத்தில் மிக வயதானவர்களிடம் பேசுங்கள். "எங்கே புதைத்தார்கள்?" என்று கேட்டால் ஊர்ப் பெயர் மட்டுமே விடையாகக் கிடைக்கும். "அடக்கத்துக்குப் போனபோது எந்த வாசல் வழியாக நுழைந்தீர்கள், உள்ளே போனதும் எந்தப் பக்கம் திரும்பினீர்கள், பக்கத்தில் மரம் இருந்ததா, சுவர் இருந்ததா?" என்று கேட்டால், நினைவு படிப்படியாக நடந்து அந்த இடத்துக்கே போய்ச் சேரும். உடல்நிலை இடம்கொடுத்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். இல்லையென்றால் அங்கிருந்து காணொளி அழைப்பில் காட்டுங்கள். எழுத்தே இல்லாத மேடுகளுக்குப் பெயர் சொல்லக்கூடியவர்கள் பல குடும்பங்களில் அவர்கள் மட்டும்தான்.

அடுத்தது ஆவணங்கள். கல்லறைத் தோட்டத்தை வழிபாட்டு இடமோ உள்ளாட்சி அமைப்போ நிர்வகிக்கிறது என்றால், அங்கே அடக்கப் பதிவேடு இருக்கும். பல இடங்களில் வரிசை எண்ணும் இட எண்ணும் குறித்த வரைபடமும், இடத்தை விலைக்கு வாங்கியவர்களின் பதிவேடும் இருக்கும். இவற்றில் மூன்றாவதை யாரும் கேட்பதில்லை, ஆனால் ஆராய்ச்சிக்கு அதுதான் பெரும் பயன் தருகிறது. இடத்தை வாங்கியவர் பெயர் நீங்கள் எதிர்பார்த்ததாக இல்லாமல் மருமகனாகவோ, மனைவியின் தகப்பனாராகவோ, பெயரே கேள்விப்படாத ஒருவராகவோ இருந்தால், கொடிவழியில் இதுவரை தெரியாத ஒரு கிளை அங்கே தொடங்குகிறது என்று பொருள். அந்த இடத்தில் மொத்தம் எத்தனை பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதிவேட்டில் எட்டுப் பேர், நிலத்தில் ஐந்து கல் என்றால், மூன்று பேரைத் தேட வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவீர்கள்.

குடும்பத்தின் சொந்த நிலத்தில் அமைந்த அடக்க இடமாக இருந்தால் நிலைமை வேறு. நிலம் பல கைகள் மாறியிருக்கும்; பதிவேடு எதுவும் இருக்காது. அப்போது பழைய கிரயப் பத்திரங்களைத் தேட வேண்டும். நிலத்தை விற்றவர் கல்லறை இருக்கும் பகுதியை மட்டும் விலக்கி வைத்தோ, அங்கே போய்வரும் உரிமையைத் தக்க வைத்துக்கொண்டோ பத்திரம் எழுதியிருக்கலாம், அப்படி எழுதும்போது அந்த இடத்தின் எல்லைகளையும் குறித்திருக்கலாம். பத்திரத்தில் உரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், இப்போதைய நில உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசி அனுமதி பெற்றுக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். வந்த காரணத்தை மரியாதையாகச் சொன்னால் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை. தவிர, அவர்களுடைய குடும்பத்தில் அந்த மூலையைப் பற்றி வழிவழியாக வந்த செய்தி ஏதாவது இருந்தால், அதுவும் உங்களுக்குக் கிடைக்கும்.

இணையத்தில் ஏற்கெனவே இருப்பதையும் பார்த்துவிடுங்கள். 1995-இல் தொடங்கிய ஃபைண்ட் எ கிரேவ், 2011-இல் தொடங்கிய பில்லியன்கிரேவ்ஸ் ஆகிய தளங்களில் தன்னார்வலர்கள் ஏற்றிய கல்லறைப் படங்கள் ஏராளமாக உள்ளன. இரண்டு உலகப் போர்களில் இறந்த காமன்வெல்த் நாட்டுப் படைவீரர்களாக இருந்தால், 1917-இல் அமைக்கப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் ஏறத்தாழ 17 லட்சம் பெயர்களுக்கு இடையே தேடலாம். இந்தத் தன்னார்வத் தளங்களைப் பயன்படுத்தும்போது ஓர் எச்சரிக்கை தேவை. படம் சான்று, படத்துக்குக் கீழே யாரோ தட்டச்சு செய்த வாசகம் சான்று ஆகாது. "இவருடைய மகன் இவர்" என்று இணைத்திருக்கும் உறவுமுறையோ அதைவிடவும் பலவீனமானது, ஏனென்றால் பெயர் ஒற்றுமையை மட்டும் வைத்துப் பலர் இணைத்துவிடுகிறார்கள்.

இவை எல்லாவற்றையும் ஒரே தாளில் சுருக்கி எழுதுங்கள்: தெரிந்த பெயர்கள், அவற்றின் மாற்று எழுத்துக்கூட்டல்கள், தெரிந்த தேதிகள், விடை தேடும் கேள்விகள். குடும்பப் பெயரை மட்டும் எழுதாதீர்கள். அந்தக் குடும்பத்துக்குத் திருமணமாகி வந்த பெண்களின் பிறந்த வீட்டுப் பெயர்களையும், வெளியே திருமணமாகிப் போன பெண்களின் புகுந்த வீட்டுப் பெயர்களையும் எழுதுங்கள். கல்லறையில் கண்ணில் பட்டும் அடையாளம் தெரியாமல் தவறிப்போவது பெரும்பாலும் இந்தப் பெயர்கள்தான்.

எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகமில்லை. குறிப்பேடு, பென்சில் (மை ஈரத்தில் கரைந்துவிடும்), அளவு நாடா, திசைகாட்டி, நல்ல கைவிளக்கு, கையில் பிடித்து நகர்த்தக்கூடிய அளவில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, தெளிப்பான் போட்ட தண்ணீர்ப் புட்டி, இயற்கை நார் கொண்ட மென்மையான தூரிகை, கையுறை, செடி வெட்டும் கத்தரி, கைபேசிக்குக் கூடுதல் மின்கலம் ஆகியவை போதும். செடிகொடி அடங்கியிருக்கும் பருவத்தைத் தேர்ந்தெடுங்கள். தனியாகப் போவதாக இருந்தால், எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். புதர் மண்டிய இடத்தில் பாம்பும் பூச்சியும் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்; கல்லே ஆபத்து என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒரு மீட்டர் உயரமும் அறுபது சென்டிமீட்டர் அகலமும் பத்து சென்டிமீட்டர் தடிமனும் உள்ள கிரானைட் பலகை ஏறத்தாழ 160 கிலோ எடை இருக்கும். சாய்ந்து நிற்கும் கல்லில் கை ஊன்றுவதோ, பின்பக்க எழுத்தைப் பார்க்க அதை நிமிர்த்த முயல்வதோ கூடாது. குழந்தைகளை அழைத்துச் சென்றால் இதை முதலிலேயே சொல்லி வையுங்கள்.

முதல் அரை மணி நேரம்

வந்து சேர்ந்ததும் எதையும் தொடாதீர்கள். தேடி வந்த பெயர் கண்ணில் பட்டாலும் அங்கேயே நின்றுவிடாமல், முழு இடத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். புல்லைக்கூட விலக்காத நிலையில், நான்கு மூலைகளிலிருந்தும் முழு இடமும் தெரியும்படி படமெடுங்கள். பிறகு குறிப்பேட்டில் ஒரு வரைபடம் போடுங்கள். அழகாக இருக்கத் தேவையில்லை. மாறாத ஒரு புள்ளியை, அதாவது சுவரின் மூலையையோ வாசல் தூணையோ, தொடக்கமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லும் அங்கிருந்து எத்தனை மீட்டர், எந்தத் திசை என்று அளந்து குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். எழுத்து இல்லாத கல்லுக்கும், மேட்டுக்கும், பள்ளத்துக்கும்கூட எண் கொடுங்கள்.

கைபேசியின் இடங்காட்டி இருக்கும்போது இந்த அளவு நாடா எதற்கு என்று தோன்றலாம். திறந்த வானத்தின் கீழே கைபேசி காட்டும் இடம் பொதுவாக 5 மீட்டர் அளவுக்கு முன்பின்னாக இருக்கும். மரத்தடியில் அதைவிடவும் மோசம். 5 மீட்டருக்குள் நான்கைந்து கல்லறைகள் அடங்கிவிடும். கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்பி வர இடங்காட்டி உதவும். எந்தக் கல்லுக்கு அடுத்தது எந்தக் கல் என்பதைச் சொல்ல அதனால் முடியாது.

குறியில்லாத கல்லறைகளைக் கண்டுபிடிக்கப் பார்வை பழக வேண்டும். மண் இறுகி அமிழ்ந்ததால் உண்டான நீள்சதுரப் பள்ளங்கள், ஒரே சீரான இடைவெளியில் வரிசையாக நிற்கும் செதுக்காத கற்கள், சுற்றிலும் காடாக இருக்க ஓர் இடத்தில் மட்டும் வளர்ந்திருக்கும் தோட்டச் செடி ஆகியவை அடையாளங்கள். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் இந்தப் பள்ளங்கள் நிழல் கட்டித் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் அதே நிலம் சமதரையாகத் தோன்றும். முதலெழுத்துகள் மட்டும் வெட்டிய சின்னக் கல்லைப் பார்த்ததும் குழந்தையின் கல்லறை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பல மரபுகளில் தலைமாட்டில் பெரிய கல்லும் கால்மாட்டில் முதலெழுத்து பொறித்த சிறிய கல்லும் நடுவார்கள். தலைக்கல் உடைந்து காணாமல் போய், கால்கல் மட்டும் தப்பி நிற்பது அரிதல்ல. மண்ணுக்குள் கம்பியைக் குத்திப் பார்ப்பது, தோண்டுவது ஆகியவற்றை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றமும்கூட.

வரைபடம் முடிந்ததும் அதை ஒரு குடும்பப் படத்தைப் பார்ப்பதுபோலப் பாருங்கள். ஓர் ஆணின் கல்லுக்கு இருபுறமும் இரண்டு பெண்களின் கற்கள் இருந்தால் இரண்டு திருமணங்கள் நடந்திருக்கலாம். மணமாகாத சகோதரியாகவும் இருக்கலாம். கணவனின் கல்லுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தால், மனைவிக்கென்று ஒதுக்கிய இடத்தில் அவர் அடக்கம் செய்யப்படவில்லை என்று ஊகிக்கலாம், அவர் மறுமணம் செய்து வேறு குடும்பத்து நிலத்தில் இருக்கக்கூடும். அல்லது அங்கே அடக்கம் நடந்து, கல் மட்டும் நடாமல் விட்டிருக்கலாம். எது உண்மை என்று நிலம் தனியாகச் சொல்லாது, ஆனால் பதிவேட்டில் எதைத் தேட வேண்டும் என்று சொல்லும். குழந்தைகளின் சிறு கல்லறைகள் வரிசையாக இருந்து, இறந்த தேதிகள் சில வாரங்களுக்குள் அடங்கினால், தொற்றுநோய்க் காலம் ஒன்று தெரிகிறது. ஒரே பெயர் இரண்டு குழந்தைகளுக்கு இருந்தால் பிழை என்று நினைக்காதீர்கள். முதல் குழந்தை இறந்த பிறகு பிறந்த குழந்தைக்கு அதே பெயரை வைக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்திருக்கிறது.

வேறு குடும்பப் பெயருள்ள கல் உங்கள் வரிசைக்குள் நிற்கும்போது அதைத்தான் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் மணமாகிப் போன மகளாகவோ, மருமகளின் விதவைத் தாயாகவோ, தாய்வழி உறவினராகவோ இருக்கும். அந்நியரை யாரும் தங்கள் வரிசையின் நடுவே வைப்பதில்லை. எனவே உங்கள் முன்னோரின் கல்லிலிருந்து எல்லாப் பக்கமும் குறைந்தது இரண்டு வரிசையில் உள்ள ஒவ்வொரு கல்லையும், உறவு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், பதிவுசெய்யுங்கள்.

மங்கிய எழுத்தைப் படிப்பது

எழுத்து மங்கியிருப்பதாகத் தோன்றும்போது பெரும்பாலும் குறை வெளிச்சத்தில்தான் இருக்கிறது. நேர் எதிரிலிருந்து வெளிச்சம் விழுந்தால் வெட்டின் ஆழம் தெரியாது. பக்கவாட்டிலிருந்து, கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போவதுபோல வெளிச்சம் விழுந்தால், ஒரு மில்லிமீட்டர் ஆழமுள்ள கோடும் நிழல் கட்டி எழுந்து நிற்கும். கிழக்கு நோக்கிய முகத்தில், வெயில் கல்லைவிட்டு விலகப்போகும் நண்பகலுக்குச் சற்று முன்பும், மேற்கு நோக்கிய முகத்தில் நண்பகலுக்குச் சற்றுப் பின்பும் இந்தச் சாய்வெளிச்சம் இயல்பாகவே கிடைக்கும். வெயிலே படாத முகமாக இருந்தால், உடன் வந்தவர் சற்றுத் தள்ளி வெயிலில் நின்று கண்ணாடியால் ஒளியைத் திருப்பிக் கல்லின் ஓரத்திலிருந்து பாய்ச்ச வேண்டும். மரநிழலில் அதுவும் முடியாதபோது, கல்லின்மேல் குடையையோ கறுப்புத் துணியையோ பிடித்து இருட்டாக்கிக்கொண்டு கைவிளக்கைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள்.

இதையே இன்னும் ஒழுங்காகச் செய்தால் கிடைக்கும் பலன் வியப்பூட்டும். கேமராவை அசையாமல் தாங்கியில் நிறுத்தி, கைவிளக்கைக் கடிகார எண்களைப்போலப் பன்னிரண்டு நிலைகளில் மாற்றி மாற்றி வைத்துப் பன்னிரண்டு படங்கள் எடுங்கள். ஒரு படத்தில் தெரியாத கோடு இன்னொன்றில் தெரியும். பல திசை ஒளியில் எடுத்த படங்களைக் கணினியில் ஒன்றிணைத்து, திரையிலேயே ஒளியின் திசையை மாற்றிப் பார்க்கும் நுட்பம் 2001-இல் ஹியூலெட்-பேக்கர்டு ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் குழுவினர் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது. தொல்லியலாளர்கள் இன்று பயன்படுத்துகிறார்கள். மென்பொருள் இல்லாவிட்டாலும் அந்தப் பன்னிரண்டு படங்களை வரிசையாகப் புரட்டிப் பார்ப்பதே பல எழுத்துகளை மீட்டுத் தரும். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி நிறங்களைத் தலைகீழாக மாற்றிப் பார்ப்பதும் சில சமயம் உதவும். விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பார்ப்பதையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். 3 என்றும் 8 என்றும் கண் குழம்பும் இடத்தில், இடப்பக்கம் வளைவு இருக்கிறதா என்பதை விரல் சொல்லிவிடும்.

தண்ணீரைத் தவிர வேறு எதையும் கல்லின்மேல் போடாதீர்கள். சவர நுரையைப் பூசினால் எழுத்து தெளியும் என்று பழைய கையேடுகள் சொன்னதுண்டு. அந்த நுரையில் உள்ள கொழுப்பு அமிலங்கள் கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும். மாவு பூசினால் அது பாசிக்கும் பூஞ்சைக்கும் உணவாகும். சுண்ணக்கட்டி சிராய்க்கும். பளிங்கும் சுண்ணாம்புக் கல்லும் கால்சியம் கார்பனேட் என்பதால் வினிகர் போன்ற எந்த அமிலமும் அவற்றைக் கரைக்கும். சலவைக் காரம், கம்பித் தூரிகை, அழுத்த நீர்க்கருவி எல்லாமே எழுத்தின் ஆயுளைக் குறைப்பவை. காகிதத்தை வைத்து மெழுகால் தேய்த்துப் படியெடுப்பதைப் பல கல்லறைத் தோட்டங்கள் தடைசெய்துவிட்டன. கைபேசிப் படம் இருக்கும் காலத்தில் அதற்குத் தேவையும் இல்லை. கல்லை விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். உள்ளே கூடாக இருப்பதுபோல ஒலித்தால் மேலடுக்கு பிரிந்திருக்கிறது என்று பொருள், அதைத் தூரிகையாலும் தொடக் கூடாது. உங்கள் நோக்கம் படிப்பது. கல்லைப் புதிதுபோல மின்ன வைக்கும் ஆசையை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கீழ்வரிகள் மண்ணில் புதைந்திருந்தால், நிர்வாகத்தின் அனுமதியோடு கையாலேயே சில சென்டிமீட்டர் மண்ணை விலக்கி, படமெடுத்த பிறகு மறுபடியும் மூடிவிடுங்கள். கல்லின் நான்கு பக்கங்களையும் அடிப்பீடத்தையும் பார்க்க மறக்க வேண்டாம். பீடத்தின் ஓரத்தில் சிற்பியின் பெயரோ பட்டறையின் பெயரோ இருந்தால், அவர் தொழில் செய்த ஆண்டுகளை வைத்துக் கல் எப்போது வெட்டப்பட்டது என்று கணிக்கலாம்.

வாசகத்தை எழுதும்போது, வரிக்கு வரி, பிழைக்குப் பிழை, அப்படியே எழுதுங்கள். ஒவ்வொரு வரியும் முடியும் இடத்தில் சாய்கோடு போடுங்கள். தெளிவில்லாத எழுத்தைச் சதுர அடைப்புக்குள் வையுங்கள். தெரியாத எழுத்துக்கு எத்தனை எழுத்தளவு இடம் இருக்கிறது என்று குறியுங்கள். பெயரை உங்களுக்குத் தெரிந்த எழுத்துக்கூட்டலுக்குத் திருத்திவிடும் கை தானாகவே முந்தும். அதைத் தடுக்க, உடன் வந்த ஒருவரைத் தனியாகப் படித்து எழுதச் சொல்லி, பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள்.

தேதியும் வயதும்

கல்லில் தேதி எளிமையாகத் தோன்றும், ஏமாற்றுவதும் அதுதான். ஆங்கிலக் கற்களில் "45-ஆம் ஆண்டில்" இறந்தார் என்று இருந்தால் அவருக்கு 44 வயது முடிந்திருந்தது என்று பொருள். "ரெலிக்ட்" என்ற சொல் விதவையையும், "கான்சார்ட்" என்பது கணவன் உயிரோடு இருக்கும்போதே இறந்த மனைவியையும் குறிக்கும். அந்த ஒரே சொல் கணவனின் இறப்புக்கு மேலெல்லையையோ கீழெல்லையையோ கொடுத்துவிடுகிறது. லத்தீன் கற்களில் "ஓபியிட்" என்பது இறந்தார் என்பதையும், "ஏட்டாட்டிஸ்" என்பது வயதையும் குறிக்கும்.

பிறந்த தேதியைப் பொறிக்காமல், வாழ்ந்த ஆண்டு, மாதம், நாள் என்று பொறித்த கற்கள் உண்டு. 1871 மார்ச் 10 அன்று 63 ஆண்டு, 5 மாதம், 20 நாள் வயதில் இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு நாள் என்று கழித்தால் 1807 செப்டம்பர் 20 கிடைக்கும். முதலில் நாளையும் பிறகு மாதத்தையும் ஆண்டையும் கழித்தால் 1807 செப்டம்பர் 18 வரும். கணக்கில் தவறு எதுவும் இல்லை. மாதங்களின் நீளம் வேறுபடுவதால் வரும் வேறுபாடு இது. ஆகவே ஞானஸ்நானப் பதிவிலோ பிறப்புப் பதிவிலோ இரண்டு நாள் முன்பின்னாக இருந்தால் அது வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

நாட்காட்டி மாறிய காலத்துக் கற்களில் கூடுதல் கவனம் வேண்டும். கத்தோலிக்க நாடுகள் சில 1582-இல் அக்டோபர் 4-க்கு அடுத்த நாளை 15 என்று எண்ணி, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறின. பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752-இல்தான் மாறின. அங்கே செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் 14 ஆனது. அதற்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25-இல் தொடங்கியதால், பிப்ரவரி மாதத் தேதிக்கு 1740/41 என்று இரட்டை ஆண்டு பொறித்திருப்பதைக் காணலாம்: சட்டக் கணக்கில் 1740, இன்றைய கணக்கில் 1741. ரஷ்யா 1918 வரை பழைய நாட்காட்டியிலேயே இருந்தது. ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்களே என்பதால், ஹிஜ்ரிக் கணக்கில் 66 வயது என்பது சூரிய ஆண்டில் 64 தான்; ஹிஜ்ரி 1300 என்பது 1882 நவம்பரில் தொடங்கியது. எபிரேயக் கற்களில் ஆண்டை எழுத்துகளால் குறிக்கும்போது, ஆயிரத்தைக் குறிக்கும் எழுத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். 660 என்று இருந்தால் 5660 என்று கொண்டு, 1899 இலையுதிர் காலத்திலிருந்து 1900 வரை என்று கணக்கிட வேண்டும். அறுபது ஆண்டுச் சுழற்சிப் பெயர் மட்டும் இருந்தால், பிரபவ என்பது 1867-ஆகவும் இருக்கலாம், 1927-ஆகவும் இருக்கலாம். கல்லின் வகையும் பக்கத்துக் கற்களின் காலமும்தான் அங்கே தீர்ப்பு.

சில மரபுகளின் கற்கள் ஆராய்ச்சியாளருக்கு ஒரு தலைமுறையை இலவசமாகத் தருகின்றன. எபிரேய வாசகங்களிலும், "இப்னு" (மகன்), "பின்த்" (மகள்) என்று வரும் அரபு வாசகங்களிலும் இறந்தவரின் தகப்பன் பெயர் இருக்கும். ஸ்காட்லாந்துக் கற்களில் மணமான பெண்களைப் பெரும்பாலும் பிறந்த வீட்டுப் பெயரோடு பொறித்திருப்பார்கள்.

கல்லை எவ்வளவு நம்பலாம்

கல்லில் வெட்டியது பொய்யாகாது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் கல் ஒரு சாட்சி மட்டுமே. அந்தச் சாட்சி எப்போது பேசியது, யார் சொல்லிக் கேட்டுப் பேசியது என்று விசாரிக்க வேண்டும். இறந்த தேதியைச் சொன்னவர்கள் அருகில் இருந்தவர்கள். எனவே அது ஓரளவு உறுதியானது. பிறந்த தேதியைச் சொன்னவர்கள் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ. அவர்கள் தாங்கள் கேள்விப்பட்டதைச் சொன்னார்கள். 70, 75, 80 என்று முழு எண்ணாக வரும் வயதுகளை மதிப்பீடாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே கல்லில் நான்கு பெயர்கள் இருந்தால் எழுத்து வடிவத்தை உற்றுப் பாருங்கள். நான்கும் ஒரே கையால், ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் வெட்டப்பட்டிருந்தால், கடைசி மரணத்துக்குப் பிறகு ஒரே நாளில் வெட்டியிருக்கிறார்கள். முதல் பெயரின் தேதி அப்போதே பல பத்தாண்டுப் பழைய நினைவாக இருந்திருக்கும். எழுத்து ஒவ்வொன்றும் வேறாக இருந்தால், அவ்வப்போது சேர்த்திருக்கிறார்கள், அந்தத் தேதிகளுக்கு மதிப்புக் கூடுதல். கல்லின் பொருளும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். 1790-இல் இறந்தவருக்கு இயந்திரத்தால் மெருகேற்றிய கிரானைட் கல் இருந்தால், அது பின்னாளில் வாரிசுகள் வைத்த மாற்றுக் கல். நீலச் சாம்பல் நிறத்தில், தட்டினால் கணீரென்று ஒலிக்கும் உலோக நினைவுச்சின்னம் அமெரிக்காவில் கண்ணில் பட்டால், அது 1874 முதல் 1914 வரை கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட் நகரில் துத்தநாகத்தில் வார்த்த வகையாக இருக்கக்கூடும். 1840-ஆம் ஆண்டு மரணம் அதில் பொறித்திருந்தால் இடைவெளி எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

"இங்கே துயில்கிறார்" என்ற வாசகமும் "நினைவாக" என்ற வாசகமும் ஒன்றல்ல. கடலிலோ போரிலோ வேறு நாட்டிலோ இறந்தவருக்கு, உடல் இல்லாமலே குடும்ப நிலத்தில் கல் நட்டிருப்பார்கள். பிறந்த ஆண்டு மட்டும் வெட்டி, இறந்த ஆண்டுக்கான இடம் காலியாக விடப்பட்ட பெயரும் அப்படித்தான். அவர் வேறெங்கோ அடக்கம் செய்யப்பட்டிருக்கலாம், அல்லது எழுத்து வெட்டச் செலவுசெய்ய யாரும் மிஞ்சாமல் போயிருக்கலாம், அல்லது இன்னும் உயிரோடு இருக்கலாம்.

படம், பேச்சு, பதிவு

படங்களைப் பொறுத்தவரை ஒரு வரிசையைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கல்லுக்கும் முதலில் வரைபட எண்ணை எழுதிய தாளை எடுத்து, அடுத்து பக்கத்துக் கற்கள் இரண்டும் சேர்ந்து தெரியும் படம், அடுத்து கேமராவைக் கல்லுக்கு இணையாக வைத்து முழுக் கல், அடுத்து எழுத்து மட்டும், கடைசியாகப் பின்பக்கமும் பீடமும். எண் தாளை முதலில் எடுப்பதால், நூறு படங்களுக்குப் பிறகும் எது எந்தக் கல் என்ற குழப்பம் வராது. கிளம்புவதற்கு முன் நிழலில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கியிருந்தால் அப்போதே திரும்ப எடுக்கலாம்.

காவலரிடமோ, குழி வெட்டுபவரிடமோ, பக்கத்து வீட்டுக்காரரிடமோ ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "இந்தக் கல்லறைகளுக்கு வேறு யாராவது வருகிறார்களா?" ஆண்டுக்கு ஒரு முறை யாரோ வந்து மெழுகுவர்த்தியோ பூவோ வைத்துப் போகிறார்கள் என்றால், நீங்கள் அறியாத ஓர் உறவினர் உயிரோடு இருக்கிறார். உங்கள் பெயரையும் தொடர்பு எண்ணையும் காவலரிடம் கொடுத்து வையுங்கள், அந்த உறவினரின் எண்ணை நீங்கள் கேட்டு வாங்க வேண்டாம். விரும்பினால் அவரே அழைக்கட்டும்.

அன்று இரவே குறிப்புகளைத் தெளிவாக எழுதிவிடுங்கள். மூன்று நாள் கழித்தால், சதுர அடைப்புக்குள் வைத்த எழுத்தை ஏன் வைத்தீர்கள் என்பது மறந்திருக்கும். களத்தில் எழுதிய தாளை, அழுக்கோடும் அடித்தலோடும் அப்படியே பத்திரப்படுத்துங்கள். கொடிவழியில் ஒரு செய்தியைச் சேர்க்கும்போது அது கல்லிலிருந்து வந்ததா, பதிவேட்டிலிருந்து வந்ததா, கல்லறைகளின் அமைப்பை வைத்து நீங்கள் ஊகித்ததா என்று தனித்தனியே குறியுங்கள். ஊகங்களைப் பதிவேடுகளில் சோதித்த பிறகே உறவாக மாற்றுங்கள். இணையத்தில் பகிர்வதாக இருந்தால், உயிரோடு இருப்பவர்களின் பெயர் வெட்டிய கற்களையும், தனியார் நிலத்தில் ஒதுக்குப்புறமாக உள்ள கல்லறையின் துல்லியமான இடத்தையும் உரியவர்களின் சம்மதம் இல்லாமல் வெளியிடாதீர்கள்.

வரைபடத்தைச் சுத்தமாக மறுபடி வரைந்து, எண்களும் பெயர்களும் தேதியும் சேர்த்து இரண்டு படிகள் எடுங்கள். ஒன்று உங்களிடம் இருக்கட்டும். இன்னொன்றைக் கல்லறைத் தோட்டத்தின் அலுவலகத்துக்கோ நில உரிமையாளருக்கோ அனுப்பிவையுங்கள். பதிவேட்டில் எட்டுப் பேர் இருந்து, நீங்கள் ஏழு இடங்களை மட்டுமே கண்டிருந்தால், எட்டாவது எங்கே இருக்கக்கூடும் என்று நினைக்கிறீர்களோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்துவிட்டு, அடுத்த முறை வெயில் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும் நேரத்தில் போய்ப் பாருங்கள்.